சதவீதம் போடும் நாள்: வாசகர் கேள்வி பதில்

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, உதவித்தொகை ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி சென்ற மாதம் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில், விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டவர்கள் சிலரே. மற்ற எல்லாரும் எழுதியிருப்பது, அரசு மருத்துவமனையில் டோக்கன் வாங்கி, பெஞ்சில் காத்திருந்து, மருத்துவர் முன் உட்கார்ந்த அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான். பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதக் குறைபாடாவது இருக்க வேண்டும்; அது எவ்வளவு என்பதை மருத்துவர் அங்கேதான் கணக்கிட்டு எழுதுகிறார். மக்கள் அதைச் 'சதவீதம் போடுவது' என்கிறார்கள். இம்முறை அதற்கே முழுப் பக்கத்தையும் ஒதுக்குகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. மனச்சிதைவு நோய்க்காக எட்டு ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறான். இரண்டு ஆண்டுகளாக ஊரிலேயே ஒரு மருத்துவரிடம் காட்டி வருகிறோம். முகாமுக்குப் போன அன்று காலையில் தலைக்குக் குளிக்க வைத்து, நானே சவரம் செய்துவிட்டு, தேய்த்த சட்டை போட்டு அழைத்துப் போனேன். மருத்துவர் என்ன கேட்டாலும் "நல்லா இருக்கேன் சார்" என்றே சொன்னான். 40 சதவீதத்துக்கும் குறைவு என்று எழுதிவிட்டார்கள். மறுபடி போகும்போது அழுக்குச் சட்டையோடு அழைத்துப் போ என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?
— ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அழுக்குச் சட்டை வேண்டாம் அம்மா. பிள்ளையைச் சுத்தமாகவே அழைத்துப் போங்கள். ஆனால் அந்தச் சவரத்தைச் செய்தது யார் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அன்று நடந்த பிழை அதுதான். உங்கள் உழைப்பு உங்கள் மகனின் திறமையாகக் கணக்கில் ஏறிவிட்டது.

மனநோயால் ஏற்படும் இயலாமையை அளக்க நம் நாட்டில் 'ஐடியாஸ்' என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். தன்னைத்தானே பராமரித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்ற நான்கு பகுதிகளுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் உண்டு. இயலாமை கூடக்கூட மதிப்பெண்ணும் கூடும். இவற்றோடு, நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண் சேரும்: இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவென்றால் 1, இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் என்றால் 2, ஆறு முதல் பத்து என்றால் 3, அதற்கு மேல் 4. மொத்தம் 20. அதில் 7 முதல் 13 வரை வந்தால் 40 முதல் 70 சதவீதம் என்று கொள்கிறார்கள்.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். எட்டு ஆண்டு நோய்க்கு உரிய மதிப்பெண் 3. மீதி நான்கு பகுதிகளிலும் தலா ஒன்று விழுந்தால்கூட 7 ஆகிவிடும். ஆனால் நீங்கள் இப்போதைய மருத்துவரின் இரண்டு ஆண்டுச் சீட்டுகளை மட்டும் கொண்டு போயிருந்தால், காகிதத்தின்படி நோய்க்கு வயது இரண்டுதான். எட்டு ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாகக் காட்டிய மருத்துவமனையின் சீட்டு, உள்நோயாளியாக இருந்திருந்தால் அங்கிருந்து வெளிவந்தபோது தந்த சுருக்கக் குறிப்பு, பழைய மருந்துக் கடை ரசீதுகள் எல்லாவற்றையும் அரிசிப் பானைக்குள் இருந்தாலும் தேடி எடுங்கள். தொலைந்து போயிருந்தால், அந்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் பழைய நோயாளி எண்ணைச் சொல்லி நகல் கேட்கலாம்.

அடுத்ததாக, ஒரு முழுத்தாளில் கடந்த ஒரு மாத நடப்பை எழுதிக்கொள்ளுங்கள். 'குளிப்பதில்லை' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், 'நான்கு முறை சொன்ன பிறகு குளித்தான், சொல்லாத நாளில் குளிக்கவில்லை' என்று எழுதுங்கள். வேலைக்குப் போய் எத்தனை நாளில் நின்றான், எந்த ஆண்டு, ஏன் என்பதையும் சேருங்கள். 'நல்லா இருக்கேன்' என்று அவன் சொல்வதில் வியப்பில்லை. தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவது இந்த நோயின் இயல்புகளுள் ஒன்று என்பது அந்த மருத்துவருக்கும் தெரியும். உடனிருப்பவரின் வாய்மொழியைக் கேட்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே. ஆகவே கூட்டத்தைப் பார்த்துத் தயங்காமல், உடன் இருப்பவள் என்ற முறையில் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

வேறொன்றையும் யாராவது காதில் போடுவார்கள்: முகாமுக்கு நான்கு நாள் முன்பே மாத்திரையை நிறுத்திவிடு, நோய் வெளியே தெரியும் என்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நின்றுபோன மருந்தால் மீண்டு எழும் நோயை எந்த உதவித்தொகையும் ஈடு செய்யாது. இல்லாததைச் சொல்லிச் சலுகை பெறுவதும் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வைத்திருக்கிறது. உள்ளதைக் குறைக்காமல் சொன்னாலே உங்களுக்குப் போதும்.

உங்கள் மகன் செய்ததையே நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். எனக்கு இளம்பிள்ளைவாதம். இடது தொடையில் கையை ஊன்றினால்தான் அடுத்த காலை எடுத்து வைக்க முடியும். கல்லூரியில் படித்தபோது ஓர் அரசு மருத்துவமனையில், "அந்தச் சுவர் வரைக்கும் நடந்து காட்டும்மா" என்றார் மருத்துவர். அறையில் என் வயதுப் பையன்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாவணியைச் சரிசெய்வதுபோல் கையை மறைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, எட்டடி தூரம் நடந்து காட்டிவிட்டேன். 'ஆதரவின்றி நடக்கிறார்' என்று எழுதினார்கள். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றேன். சான்றிதழில் குறைந்துபோன எண்ணைச் சரிசெய்ய இரண்டு ஆண்டுகள் ஆயின.

கேள்வி: லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். இரும்புச் சில்லு தெறித்து இடது கண்ணில் பார்வை அடியோடு போய்விட்டது. வலது கண் நன்றாக இருக்கிறது. முகாமில் 30 சதவீதம்தான் போட்டார்கள். ஒரு கண் போனால் பாதி போனதாக ஆகாதா? மேல்முறையீடு செய்யலாமா?
— ஒரு தொழிலாளி, கோவை

பதில்: செய்யலாம், ஆனால் எண் மாறாது. பார்வைக் குறைபாட்டை அளக்கும் அட்டவணையில், நல்ல கண் எது, அது கண்ணாடி போட்ட பிறகு எவ்வளவு பார்க்கிறது என்பதே முதல் கணக்கு. மற்றக் கண் நன்றாக இருந்து ஒரு கண் முழுதும் போயிருந்தால் நாடு முழுவதும் 30 சதவீதம்தான். வலது கண்ணிலும் கண்ணாடியோடு பார்வை 6/18க்கு (மற்றவர் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடியும் என்ற நிலைக்கு)க் கீழே இறங்கினால்தான் அது கூடும். அப்படி ஆகாமல் இருக்கட்டும்.

உங்களுக்கான கதவு வேறு இடத்தில் இருக்கிறது. சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். வேலையில் நேர்ந்த காயத்தை ஈ.எஸ்.ஐ. வேறு அட்டவணையால் அளக்கிறது. அங்கே கேள்வி, உடலில் எவ்வளவு போயிற்று என்பதல்ல. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பது. மற்றக் கண் நன்றாக இருக்க ஒரு கண்ணையே இழந்தால் 40 சதவீதம், கண்விழி இருந்து பார்வை மட்டும் போனால் 30 சதவீதம். அங்கே அந்த 30 சதவீதத்துக்கே வாழ்நாள் முழுவதும் மாதாமாதம் நிரந்தர ஊனப் பலன் கிடைக்கும். நாற்பது என்ற வாசற்படி அங்கே கிடையாது. விபத்து அறிக்கையை முதலாளி அனுப்பியிருக்கிறாரா என்பதை உங்கள் கிளை அலுவலகத்தில் இந்த வாரமே விசாரியுங்கள். ஈ.எஸ்.ஐ. இல்லாத பட்டறை என்றால், தொழிலாளர் துறையில் இழப்பீடு கோரி மனு கொடுக்க வேண்டும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எனக்குக் காலில் போலியோ, 60 சதவீதம். காது கேட்பதிலும் குறை, 40 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் சான்றிதழில் 73 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். அறுபதும் நாற்பதும் நூறு இல்லையா? 75 இருந்தால்தான் பராமரிப்பு உதவித்தொகை என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டு சதவீதத்துக்காக என்னை அலைய விடுகிறார்களா?
— ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கூட்டலில் பிழை இல்லை. இரண்டு குறைபாடுகளை நேராகக் கூட்டுவதில்லை என்பது விதி. பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொள்வார்கள். தொண்ணூறிலிருந்து அந்தப் பெரிய எண்ணைக் கழித்து, வருவதைச் சிறிய எண்ணால் பெருக்கி, தொண்ணூறால் வகுத்து, கிடைப்பதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். உங்களுக்கு 90லிருந்து 60 போக 30. அதை 40ஆல் பெருக்கினால் 1,200. 90ஆல் வகுத்தால் பதின்மூன்று சொச்சம். அறுபதோடு சேர்த்தால் 73. முதல் குறைபாடு எடுத்துக்கொண்டது போக மிச்சமிருக்கும் உடலில்தான் இரண்டாவதற்குப் பங்கு என்பது இதன் தருக்கம். கால் ஊன்ற முடியாதவளுக்குப் பின்னால் வரும் லாரியின் ஒலியும் கேட்காவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும் என்பது வாழ்க்கைத் தருக்கம். சூத்திரம் எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை.

ஆகவே 'கூட்டல் தவறு' என்று மேல்முறையீட்டில் எழுதினால் முதல் பத்தியிலேயே தோற்றுவிடுவீர்கள். கூட்டப்பட்ட எண்கள் சரியா என்றுதான் கேட்க வேண்டும். இதைக் கவனியுங்கள்: கால் 60க்குப் பதில் 63 என்று வந்திருந்தால், மொத்தம் சரியாக 75 ஆகும். அந்த மூன்று சதவீதம் காலில் விடுபட்டிருக்க இடமுண்டா என்று பார்க்க வேண்டும். காலுக்குச் சதவீதம் போடும்போது தசை வலிமையும் மூட்டு அசைவும் மட்டுமல்லாமல், ஒரு கால் மற்றதைவிட எவ்வளவு குட்டை என்பதற்கும், மடங்கி இறுகிப்போன மூட்டு போன்றவற்றுக்கும் கூடுதல் மதிப்பெண் உண்டு. அன்று டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தார்களா? காலைத் தாங்கும் காலிப்பரைக் கழற்றச் சொன்னார்களா? செருப்புக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தியிருந்தால் அதைக் கழற்றினீர்களா? பழக்கத்தில் பலரும் அதைக் கழற்ற மறந்துவிடுகிறார்கள். காதுக்கும் அதுபோலவே: சோதனை அண்மையில் செய்ததா, பழைய தாளைப் பார்த்து எழுதினார்களா?

இதைத் தெரிந்துகொள்ள, உங்களை மதிப்பிட்ட தாளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். 'எனக்கு ஏன் குறைத்தீர்கள்' என்று கேட்காதீர்கள். 'இன்ன தேதியில் இன்ன பதிவு எண்ணில் நடந்த மதிப்பீட்டின் அளவீட்டுத் தாள், செவித்திறன் சோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்' என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தாள் கைக்கு வந்ததும், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். எந்த அதிகாரியிடம், எத்தனை நாளுக்குள் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இப்போதே எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தகவல் வரும்வரை காத்திருந்து, அதற்குள் காலக்கெடு கழிந்துவிட வேண்டாம்.

இதற்கிடையில் வெறுங்கையோடு இருக்கத் தேவையில்லை. 75 சதவீதம் என்ற வரம்பு, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2,000 ரூபாய் தரும் பராமரிப்பு உதவித்தொகையில், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் என்ற பிரிவுக்கு உரியது. அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்ற பிரிவுகளுக்கு 40 சதவீதமே போதும். வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. 2023 ஜனவரி முதல் அது மாதம் 1,500 ரூபாய். அதற்கும் 40 சதவீதம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம், ஆனால் வருமானமும் சொத்தும் பார்ப்பார்கள். இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். முதல் கடிதம் எழுதிய தஞ்சாவூர்த் தாயும் தம் மகனுக்கு 40 சதவீதம் கிடைத்ததும் கேட்க வேண்டியது இதைத்தான். இரண்டு தொகையையும் சேர்த்துப் பெற முடியாது. பிறகு பராமரிப்பு உதவித்தொகை கிடைத்தால் ஓய்வூதியத்தை விட்டுவிட வேண்டியிருக்கும்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். பேச்சு குறைவு, ஆனால் நாங்கள் பேசுவது அவனுக்குப் புரியும். மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்க, 'இதைச் செய்ய மாட்டான், அது தெரியாது' என்று அவன் எதிரிலேயே அரைமணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவன் என் மடியில் வரவில்லை. அடுத்த ஆண்டு சான்றிதழைப் புதுப்பிக்க மறுபடி போக வேண்டும். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.
— ஒரு தாய், சேலம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் சகோதரி. படிவத்தை மாற்ற நம்மால் முடியாது. அதற்குப் பதில் சொல்லும் விதத்தை மாற்ற முடியும்.

ஆட்டிசத்துக்கு நம் நாட்டில் பயன்படும் 'இசா' என்ற அளவுகோலில் 40 கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 'அரிது' முதல் 'எப்போதும்' வரை ஐந்து படி. கண்ணைப் பார்க்கிறானா, தனியே இருக்கவே விரும்புகிறானா, கேட்டதையே திரும்பச் சொல்கிறானா, வலி தெரிகிறதா, காரணமில்லாமல் அழுகிறானா என்று போகும். மொத்தம் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை மிதமானது. 153க்கு மேல் கடுமையானது. இந்த நாற்பதுக்கும் மருத்துவர் ஓர் அறையில் இருந்துகொண்டு விடை கண்டுபிடிக்க முடியாது. பெரும்பகுதி உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் வாயிலிருந்து என்பது எழுத்திலிருந்தாகவும் இருக்கலாம்.

சென்ற ஆண்டு ஒரு முகாமில் ஒரு தாயைப் பார்த்தேன். பையன் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, மேசைக்காலை விரலால் தட்டித் தட்டி முனகிக்கொண்டிருந்தான். மருத்துவர் முதல் கேள்வியைத் தொடங்கியதும், அந்தத் தாய் பையிலிருந்து நான்காக மடித்த நோட்டுத் தாளை எடுத்து நீட்டினார். "எல்லாம் இதுல எழுதியிருக்கேன் டாக்டர். படிச்சிட்டுச் சந்தேகம் இருந்தா கேளுங்க, அவன் அப்பாவோட வெளியே போனப்புறம் சொல்றேன்" என்றார். மருத்துவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். இரண்டு கேள்விதான் மிச்சம் இருந்தது.

நீங்களும் வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். அவன் செய்யக்கூடியதையும் எழுதுங்கள். அது மதிப்பெண்ணைக் கெடுத்துவிடாது. நீங்கள் எழுதிய மற்றதை நம்பத்தான் வைக்கும். உடன் ஒருவரை அழைத்துப் போவது இன்றியமையாதது. அவன் அறைக்குள் இருக்க வேண்டியது மருத்துவர் அவனைக் கவனிக்கும் நேரத்துக்கு மட்டுமே. எந்தக் கிழமையில் எந்த மருத்துவர் உட்காருகிறார் என்பதை மாவட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், எல்லா வகைக் குறைபாட்டினரும் கூடும் பெருமுகாமின் இரைச்சலில் அவனை நிறுத்தி வைப்பதைத் தவிர்க்கலாம். அவனுக்குப் பழகிய தட்டு, பழகிய தின்பண்டம், காதை மூடும் ஹெட்ஃபோன் ஆகியவற்றை மறக்காதீர்கள்.

வளரும் குழந்தையின் நிலை மாறக்கூடும் என்பதால், இந்த வயதில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே சான்றிதழ் தருவது வழக்கம். உங்களைச் சந்தேகப்பட்டு மறுபடி வரச் சொல்வதாக எண்ண வேண்டாம். சான்றிதழ் கையில் இருக்கும் இந்தக் காலத்திலேயே தேசிய அறக்கட்டளையின் 'நிரமயா' காப்பீட்டில் அவனைச் சேர்த்துவிடுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். பேச்சுப் பயிற்சி போன்ற தெரபிகளுக்கும் அதில் இடமுண்டு.

அவனிடம் என்ன சொல்வது என்றும் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். புரியும் பிள்ளை என்கிறீர்களே, அவனிடமே சொல்லிவிடுங்கள்: 'நாளைக்கு அம்மா டாக்டர்கிட்ட உனக்குக் கஷ்டமானதை மட்டும் சொல்வேன். அங்கே அதைத்தான் கேட்பாங்க. உனக்குத் தெரிஞ்சதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும்.'

கேள்வி: என் தந்தைக்குப் பக்கவாதம். அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து ஐந்து மாதம் ஆகிறது. 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது. ஒருவர் 3,000 ரூபாய் கொடுத்தால் முகாமுக்குக்கூட வராமல் வாங்கித் தருகிறேன் என்கிறார்.
— ஒரு வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். பரிசோதனை இல்லாமல் வரும் அட்டை போலி. மாட்டினால் விலை கொடுக்கப்போவது உங்கள் தந்தை. 'ஸ்வாவலம்பன்' இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. 2024 அக்டோபரில் திருத்திய விதிகளின்படி மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு கடந்துவிட்டது. பதிவு எண்ணையும் விண்ணப்பித்த தேதியையும் குறிப்பிட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து, மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன், இணையதளத்தில் எந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒருமுறை திறந்து பாருங்கள். வேறு மாவட்டத்து மருத்துவமனையைத் தவறுதலாகச் சொடுக்கிவிட்டு உள்ளூரில் அழைப்புக்காகக் காத்திருப்பவர்கள் ஏராளம். தந்தை எழுந்து வர முடியாத நிலை என்றால் அதையும் மனுவில் எழுதி, மருத்துவரை வீட்டுக்கு அனுப்பும்படி கேளுங்கள். அட்டை அஞ்சலில் வரத் தாமதமானாலும், சான்றிதழ் பதிவேறிய அன்றே அதை இணையத்திலிருந்து இறக்கிப் பயன்படுத்தலாம்.